கரு நட்சத்திரத்தைச் சுத்தி இருக்கிற வாயுவைச் சூடாக்குறது வெளிச்சமா, மோதலா?

கண்டனூரான் · சனி, இரவு 8.52

அடுத்த மாசம் எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு நட்சத்திரம் பிறக்கிறதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசணும். படமெல்லாம் தயார். ஒரு இடத்துல மட்டும் தட்டுது.

நட்சத்திரம் உருவாகிற மேகம் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி. சரி. ஆனா அந்த மேகத்துக்குள்ள வளர்ந்துக்கிட்டிருக்கிற கரு நட்சத்திரத்தைச் சுத்தி 300, 700 கெல்வின்ல கார்பன் மோனாக்சைடு வாயு இருக்குன்னு ஹெர்ஷல் தொலைநோக்கி கண்டுபிடிச்சிருக்கு. நடுவுல சூடான ஒண்ணு இருக்கு, அது சுத்தி இருக்கிறதைச் சூடாக்குது, அவ்வளவுதானேன்னு நினைச்சேன். படிக்கிற கட்டுரையெல்லாம் இதை ஒரு பெரிய வழக்கா நடத்துறாங்க. என்னதான் வழக்கு?

திண்ணை · சனி, இரவு 9.05

நட்சத்திரம்தான் சூடாக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க சார். ஒன்பதாங் கிளாஸ் பிள்ளை குறுக்கு விசாரணையா பண்ணப் போகுது?

கண்டனூரான் · சனி, இரவு 9.07

பண்ணும்ணே. போன தடவை கருந்துளையில மாட்டிக்கிட்டு முழிச்சது உங்களுக்குத் தெரியாது.

ரஸ்தாக்காரன் · சனி, இரவு 10.31

பிள்ளையார் நோன்புக்கு தேவகோட்டை வந்திருக்கேன். திங்கிறதைத் தவிர வேலை இல்லை, அதனால நீளமாவே எழுதுறேன். என் ஆராய்ச்சி இதுக்குப் பக்கத்துத் துறை.

நட்சத்திரம் சூடாக்குறது நிஜம். எவ்வளவு தூரத்துக்குங்கிறதுதான் கேள்வி. கரு நட்சத்திரத்தைப் பல ஆயிரம் வானியல் அலகு (ஒரு அலகுன்னா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) அகலத்துக்குத் தூசும் வாயுவும் கலந்த ஒரு உறை மூடியிருக்கு. நட்சத்திரத்தோட ஒளி முதல்ல தூசுலதான் படுது. தூசு சூடாகும், தூசோட மோதுற வாயுவும் அதே சூட்டுக்கு வரும். இந்த ஒட்டுறவுக்கு அடர்த்தி வேணும். கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய லட்சம் மூலக்கூறாவது இருக்கணும்.

இப்போ கணக்குப் போடுங்க. சூரியனைப் போலப் பத்து மடங்கு ஒளிர்ற ஒரு கரு நட்சத்திரத்துல, தூசு 100 கெல்வினைத் தாண்டுற பகுதி சுமார் 50 வானியல் அலகோட முடிஞ்சுடும். நம்ம நெப்டியூன் 30-ல இருக்கு, அளவு புரியட்டும்னு சொல்றேன். 300 கெல்வின் வேணும்னா இன்னும் உள்ளே போகணும். ஆனா ஹெர்ஷல் பார்த்த சூடான வாயு பல இடங்கள்ல ஆயிரக்கணக்கான வானியல் அலகு நீளத்துக்குக் கிடக்கு. அந்தத் தூரத்துல தூசு ரொம்பக் குளிர்ந்து போயிருக்கும். பக்கத்துல இருக்கிற தூசு குளிர்ந்து கிடக்க, வாயு மட்டும் சூடா இருந்தா, அந்தச் சூடு தூசு வழியா வரலை. இதுதான் வழக்கோட ஆரம்பம்.

சந்தேகப்படுறவங்க பட்டியல் ரெண்டு பேருக்குச் சுருங்கும்: ஒண்ணு புற ஊதாக் கதிர், இன்னொண்ணு அதிர்ச்சி அலை. எக்ஸ் கதிருக்கும் நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு பங்கு உண்டு. அண்டக் கதிர் எல்லா இடத்துலயும் ஊடுருவும், ஆனா அதால முடியிறது மேகத்தை 10 கெல்வினுக்குக் கீழே இறங்காமப் பிடிச்சு வைக்கிறதுதான்.

மின்வேதி · சனி, இரவு 10.48

அண்ணே, புற ஊதாவும் ஒளிதானே? அதுவும் தூசைத்தான் சூடாக்கும். மறுபடி அதே இடத்துக்குத்தானே வர்றோம்?

ரஸ்தாக்காரன் · சனி, இரவு 11.10

நீங்க காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துப் பக்கம்னு நினைக்கிறேன், இது உங்க ஏரியா. ஒளிமின் விளைவு.

6-லிருந்து 13.6 எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் உள்ள போட்டான் ஒரு தூசுத் துணுக்குல பட்டா ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். வெளியேற்று ஆற்றல் போக மீதி, சுமாரா ஒரு எலக்ட்ரான் வோல்ட், அந்த எலக்ட்ரானோட வேகமா வெளியே வருது. ஒரு எலக்ட்ரான் வோல்ட்னா வெப்பநிலைக் கணக்குல 11,600 கெல்வின். அது வாயுவுல மோதி மோதித் தன் ஆற்றலைக் கொடுத்துடும். பெரும்பகுதி ஆற்றல் தூசுக்குள்ளேயே போயிடும், வாயுவுக்குக் கிடைக்கிறது அதிகபட்சம் நூத்துல சில பங்கு. ஆனா தூசு தன் சூட்டை அகச்சிவப்பாக் கொட்டித் தீர்த்துட்டுக் குளிர்ந்துடும். வாயுவுக்கு அந்த வசதி குறைவு, அதனால அந்தச் சில பங்கே அதை நூத்துக்கணக்கான கெல்வினுக்கு ஏத்திடும். தூசு குளிர்ச்சி, வாயு சூடு: நாம தேடுற நிலைமை கிடைச்சாச்சு.

மின்வேதி · சனி, இரவு 11.16

எலக்ட்ரான் போகப் போகத் தூசு நேர்மின்னூட்டம் ஆகிடுமே. அடுத்த எலக்ட்ரானைப் பிடுங்குறது கஷ்டமாகுமே?

ரஸ்தாக்காரன் · சனி, இரவு 11.20

ஆகும். அதனாலதான் புற ஊதா ரொம்ப ஜாஸ்தியாகி, அங்கே திரும்பி ஒட்டிக்கிற எலக்ட்ரான் கம்மியா இருந்தா திறன் விழுந்துடும். மாதிரிக் கணக்குப் போடுறவங்க எல்லாரும் இதைச் சேர்த்துத்தான் போடுறாங்க.

திண்ணை · ஞாயிறு, காலை 6.40

விடிஞ்சதும் படிச்சேன். ஒண்ணு இடிக்குதே தம்பி. உறை அவ்வளவு அடைசல்னு நீங்களே சொன்னீங்க. புற ஊதா ஆயிரம் அலகு தாண்டி எப்படிப் போகும்? கொஞ்சம் தூசு போதுமே அதை நிறுத்த.

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, காலை 8.15

வழி இருக்குண்ணே. கரு நட்சத்திரம் தன்மேல விழுறதையெல்லாம் விழுங்குறதில்லை. ஒரு பங்கைத் தன் ரெண்டு துருவம் பக்கமாத் தாரையா வீசுது, விநாடிக்கு நூறு கிலோமீட்டர் அளவுல. அந்தத் தாரையும் காத்தும் உறையைக் குடைஞ்சு ரெண்டு பக்கமும் கூம்பு மாதிரி ஒரு குழிவு போட்டுடும். குழிவுக்குள்ள பொருள் ரொம்பக் கம்மி, புற ஊதா தடையில்லாமப் போய்க் குழிவுச் சுவர்ல படும். 1995-ல ஸ்பான்ஸும் கூட்டாளிகளும் முன்வைச்ச யோசனை இது.

திண்ணை · ஞாயிறு, காலை 8.22

நம்ம வளவு வீடு. நாலு பக்கமும் கட்டு, பத்தாயத்து அறைக்குள்ள பகல்லயும் விளக்கு வேணும். ஆனா முற்றத்து வழியா வெயில் இறங்கித் தூணையும் தாழ்வாரத்தையும் சுடும்.

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, காலை 8.30

சரியாப் பிடிச்சீங்க. திசையை மட்டும் திருப்பிக்குங்க, இங்கே வெயில் உள்ளே இருந்து வெளியே போகுது. சுவரோட மேல்பூச்சு அளவுக்குத்தான் சூடு, அதுக்குப் பின்னால மறுபடி குளிர்ச்சி.

இனி எதிர்க்கட்சி. அதே தாரை மேகத்துல மோதுதில்ல, அந்த மோதலே நேரடியாச் சூடாக்கலாம். வேகத்தை வெப்பமா மாத்துற கணக்கு ப்ளஸ் டூ அளவுதான். விநாடிக்கு 20 கிலோமீட்டர்ல வர்ற வாயு சட்டுனு நின்னா வெப்பநிலை சுமார் 20,000 கெல்வின் வரும். 10 கிலோமீட்டர்னா 5,000-க்குக் கொஞ்சம் மேல. வேகம் ரெட்டிச்சா வெப்பநிலை நாலு மடங்கு.

20,000 கெல்வின்ல மூலக்கூறு தாங்காதேன்னு கேப்பீங்க. மேகத்துல காந்தப்புலம் இருக்கு, அது கொஞ்சமா இருக்கிற அயனிகளைப் பிடிச்சு வைச்சிருக்கு. காந்தப்புலத்துல ஓடுற அலை வாயுவோட ஒலிவேகத்தை விட வேகமா முன்னால போய், அதிர்ச்சி வர்றதுக்கு முன்னாடியே அயனிகளைத் தள்ள ஆரம்பிச்சுடும். நடுநிலை மூலக்கூறுகள் அயனிகளோட உரசிக்கிட்டே மெதுவா வேகம் எடுக்கும். திடீர் அடி கிடையாது, நீளமான உராய்வு. வெப்பநிலை ஆயிரம், ரெண்டாயிரம்னு நிக்கும், மூலக்கூறு பிழைச்சுக்கும். இதைத் தொடர் அதிர்ச்சிம்பாங்க. காந்தப்புலம் காப்பாத்தாத இடத்துல திடீர் அதிர்ச்சி. அங்கே வேகம் கூடினா ஹைட்ரஜன் மூலக்கூறே உடைஞ்சுபோகும்.

கண்டனூரான் · ஞாயிறு, காலை 9.02

ரெண்டுமே நம்புற மாதிரி இருக்கு. இதுல எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? ரெண்டுலயும் முடிவுல கிடைக்கிறது சூடான கார்பன் மோனாக்சைடுதானே.

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, முற்பகல் 11.45

வெப்பநிலையை வைச்சுப் பிரிக்க முடியாது. எனக்கு இந்த விவாதம் முழுக்கவே அந்த ஒரு பிடிவாதத்தால நீண்டதுன்னு தோணும்.

முதல்ல கார்பன் மோனாக்சைடு ஏன்னு சொல்லிடறேன். மேகத்துல பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. அது சமச்சீரான மூலக்கூறு, கதிர் வீசச் சோம்பல் படும். மூலக்கூறு ஒரு ஆற்றல் படியிலேருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது குறிப்பிட்ட அலைநீளத்துல வீசுற ஒளியைத்தான் கோடும்பாங்க. அதோட முதல் சுழற்சிக் கோடு 28 மைக்ரோமீட்டர்ல வருது, அந்தப் படிக்கு ஏறவே 510 கெல்வின் ஆற்றல் வேணும். கார்பன் மோனாக்சைடோட முதல் படிக்கு 5.5 கெல்வின் போதும். அதோட படிகள் வரிசையா உயர்ந்துக்கிட்டே போகும்: 16-ஆவது படிக்குச் சுமார் 750 கெல்வின், 30-ஆவது படிக்கு 2,500-க்கு மேல. எந்தப் படியில எத்தனை மூலக்கூறு நிக்குதுன்னு எண்ணினா அந்த வாயுவோட நிலைமை தெரியும்.

இந்த மேல்படிக் கோடுகள் தொலை அகச்சிவப்புல வருது. நம்ம காற்றுமண்டல நீராவி அதை அப்படியே தின்னுடும், ஊர்ல எந்த மலை மேல ஏறினாலும் பிரயோஜனமில்லை. அதனாலதான் 2009 மே மாசம் ஹெர்ஷலை 3.5 மீட்டர் கண்ணாடியோட மேலே அனுப்பினாங்க. திரவ ஹீலியம் தீர்ந்து 2013 ஏப்ரல்ல ஓஞ்சுபோச்சு. அந்த நாலு வருஷத்துத் தரவைத்தான் இன்னும் கடைஞ்சுக்கிட்டிருக்காங்க.

அதுல பாக்ஸ்னு ஒரு கருவி, 55-லிருந்து 200 மைக்ரோமீட்டர் வரைக்கும் ஒரே வீச்சுல பார்த்தது. படி எண்ணிக்கையை வரைபடமாப் போட்டா ரெண்டு நேர்கோடு: ஒண்ணு 300 கெல்வின், இன்னொண்ணு 700 பக்கம். மங்கலான கரு நட்சத்திரமோ பிரகாசமானதோ, அந்த 300 கிட்டத்தட்ட அசையாம நிக்குது. இதுதான் எல்லாரையும் குழப்பிச்சு.

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு, பகல் 12.30

தம்பி, வேதியியல் முப்பது வருஷம் நடத்தினவ கேக்கிறேன். ரெண்டு நேர்கோடு வந்தா ரெண்டு வெப்பநிலை இருக்குன்னு ஏன் எடுத்துக்கணும்? படிகள்ல மூலக்கூறு நிரம்புறது போதுமான மோதல் இருந்தாத்தான் வெப்பநிலையைக் காட்டும். அடர்த்தி கம்மியா இருந்தா மூலக்கூறு மேலே ஏறின வேகத்துல கதிரை வீசிட்டுக் கீழே வந்துடும். அப்போ வர்ற நேர்கோடு நிஜ வெப்பநிலையை விடக் குறைவாத்தானே காட்டும்?

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, பகல் 12.41

ஆச்சி, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையோட சாரத்தை நாலு வரியில சொல்லிட்டீங்க. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்துல இருக்கிற மனோஜும் குழுவும் 2013-ல வெளியிட்டது. ஓரியன்ல 21 கரு நட்சத்திரங்களை பாக்ஸ் கருவியால பார்த்தாங்க. ரெண்டு மூணு வெப்பநிலையில தனித்தனி வாயு இருக்குன்னு வைச்சுக்கிறதை விட, அடர்த்தி குறைஞ்ச, 2,000 கெல்வினுக்கு மேல சூடான வாயுன்னு வைச்சாலே முழு வளைவும் பொருந்துதுன்னு காட்டினாங்க. அப்படிப்பட்ட வாயு குழிவுச் சுவர்ல இருக்க வாய்ப்பு கம்மி, குழிவுக்குள்ள ஓடுற பாய்வுல அதிர்ச்சி வாங்கின வாயுவா இருக்கணும்னு வாதம்.

இன்னொண்ணும் பார்த்தாங்க. கார்பன் மோனாக்சைடு ஒளிர்வு கூடக்கூட நட்சத்திரத்தோட மொத்த ஒளிர்வும் கூடுது. இதை வைச்சு எந்தக் கட்சியும் ஜெயிக்க முடியாது. அதிகமாப் பொருள் விழுற நட்சத்திரம் வெளிச்சமும் அதிகம் தரும், தாரையும் பலமா வீசும்.

திண்ணை · ஞாயிறு, பகல் 12.50

அப்போ 300 கெல்வின்னு சார் ஸ்லைடுல போட்டது வெப்பநிலையே இல்லைங்கிறீங்களா?

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, பகல் 1.15

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை 'கிளர்வு வெப்பநிலை'ன்னு, அதாவது படி எண்ணிக்கையிலேருந்து கணக்குப் போட்ட வெப்பநிலைன்னு எழுதிட்டா யாரும் குத்தம் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு நூத்துக்கணக்கான கெல்வின்னு சொன்னாப் போதும்.

சாட்சி வேற இடத்துல இருக்கு. கோட்டோட அகலம். சுவர்ல புற ஊதாவால சூடான வாயு நகராது, கோடு விநாடிக்குச் சில கிலோமீட்டர் அகலத்துல ஒடிசலா வரும். அதிர்ச்சியில மாட்டின வாயு பல வேகத்துல ஓடும், டாப்ளர் விளைவால கோடு இருபது, முப்பது, அதுக்கு மேலயும் விரியும். பாக்ஸ் கருவிக்கு இவ்வளவு நுணுக்கமாப் பிரிக்கிற திறன் கிடையாது, அதான் சண்டை நீண்டுச்சு. ஹெர்ஷல்லயே ஹைஃபின்னு இன்னொரு கருவி பிரிக்கும், ஆனா ஒவ்வொரு கோடாத்தான் பார்க்க முடியும்.

அது பார்த்தப்போ 16-ஆவது படிக் கோடு (163 மைக்ரோமீட்டர்) அகலமா வந்துச்சு. சில இடத்துல நட்சத்திரத்தோட வேகத்தை விட்டு விலகி நிக்கிற இன்னொரு கூறும் தெரிஞ்சது. நகர்ற வாயு, அதிர்ச்சி. ஆனா சிலி நாட்டு அட்டகாமாவுல 5,100 மீட்டர் உயரத்துல இருக்கிற அபெக்ஸ் தொலைநோக்கி, கனமான கார்பன் உள்ள மோனாக்சைடோட 6-ஆவது படிக் கோட்டைக் குழிவுச் சுவரோரமாப் பார்த்தப்போ ஒடிசலான கோடு கிடைச்சது. அது புற ஊதா. ஆக மேல்படி மோதலோட கணக்கு, இடைப்படியில வெளிச்சத்துக்கும் பங்கு. ஒரே நட்சத்திரம், ஒரே குழிவு.

கண்டனூரான் · ஞாயிறு, பகல் 1.22

இது நல்லா இருக்கு. 'எது சூடாக்குது'ன்னு கேக்காம 'எந்தப் படியில நிக்கிற வாயுவை எது சூடாக்குது'ன்னு கேக்கணும்.

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு, மாலை 4.05

அதுக்குள்ள வழக்கை மூடாதீங்க. தண்ணியை விசாரிக்கவே இல்லை.

வாயு 300 கெல்வினைத் தாண்டிட்டா ஆக்ஸிஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோட சேர்ந்து ஹைட்ராக்சில் ஆகும், அது இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறோட சேர்ந்து தண்ணி ஆகும். குளிர்ல இந்த வினை நடக்காது, முதல் படிக்கு ஆற்றல் தடை இருக்கு. சூட்டுல கடகடன்னு நடக்கும். போதாததுக்கு அதிர்ச்சி தூசு மேல படிஞ்ச பனியையும் உதிர்க்கும். வெறும் அதிர்ச்சிதான்னா அங்கே தண்ணி, கார்பன் மோனாக்சைடுக்குச் சமமா, அதாவது ஹைட்ரஜன் பத்தாயிரத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல இருக்கணும். இருக்கா?

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, மாலை 4.40

இல்லை. ஹெர்ஷல்ல தண்ணிக்குன்னே ஒரு பெரிய திட்டம் நடந்துச்சு, லெய்டன்ல இருக்கிற எவினா ஃபான் டிஷுக் தலைமையில. வெளிப்பாய்வுல, அதாவது தாரையோட வெளியே ஓடுற வாயுவுல, கிடைச்ச தண்ணி பல இடத்துல பத்து லட்சத்துக்கு ஒண்ணு, அதுக்கும் கீழே. நூறு மடங்கு குறைச்சல். ஹைட்ராக்சிலும் தனி ஆக்ஸிஜனும் தாராளமா இருக்கு.

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு, மாலை 4.58

அப்புறம் என்ன. உண்டான தண்ணியைப் புற ஊதா உடைக்குது. தண்ணி உடைஞ்சா ஹைட்ராக்சில், அது உடைஞ்சா ஆக்ஸிஜன். மோதின இடத்துலயே வெளிச்சமும் விழுது. நீங்க சுவர் ஒரு பக்கம், பாய்வு ஒரு பக்கம்னு பாகம் பிரிச்சுக் குடுத்தது எனக்கு ஒப்புதல் இல்லை.

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, மாலை 5.20

இப்போ ஆராய்ச்சியாளர்களும் 'புற ஊதா படுற அதிர்ச்சி'ன்னுதான் மாதிரி போடுறாங்க. ஆனா சூடேத்துறதுல பாகம் பிரிக்கிறது தப்புன்னு சொல்ல மாட்டேன். தண்ணியை உடைக்கக் கொஞ்சம் புற ஊதா போதும். அகலமான கோடு காட்டுற வாயுவைச் சூடேத்துறது பெரும்பாலும் உராய்வுதான். வேதியியலுக்கு ஒரு கை, வெப்பத்துக்கு இன்னொரு கை.

மின்வேதி · ஞாயிறு, இரவு 7.10

அந்தப் புற ஊதாவே எங்கேருந்து வருது? கரு நட்சத்திரத்தோட மேற்பரப்பு 4,000 கெல்வின் பக்கம்தானே. அது சிவப்பாத்தான் ஒளிரும்.

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, இரவு 7.34

நட்சத்திரத்தோட சொந்த வெளிச்சம் இல்லை. நட்சத்திரத்தைச் சுத்திச் சுழலுற வாயு, தூசு வட்டிலேருந்து பொருள் நட்சத்திரத்து மேல விழுந்து மோதுற இடம் ரொம்பச் சூடாகும், புற ஊதாவோட முக்கிய ஊற்று அதுதான். தாரையோட முனை மேகத்துல பலமா மோதுற இடத்துலயும் புற ஊதா பிறக்கும். மொத்தத்துல எல்லாமே ஈர்ப்பு விசையில விழுந்ததோட ஆற்றல். அணுக்கரு இணைவுக்கு இந்தக் கதையில வேலையே இல்லை. சார், இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்க, 'நட்சத்திரம் எரியுது'ன்னு தொடங்கினா இங்கேதான் இடறும்.

திண்ணை · ஞாயிறு, இரவு 7.41

வெளிச்சமா மோதலான்னு தலைப்பு. கடைசில வெளிச்சமே மோதலுக்குப் பிறந்த பிள்ளை. நல்லா இருக்குப்பா உங்க வழக்கு.

கண்டனூரான் · ஞாயிறு, இரவு 9.15

ஒரு உதாரணம் வேணுமே. ஒரே ஒரு நட்சத்திரம், பேர் சொல்லிக் காட்டுற மாதிரி.

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, இரவு 10.50

என்ஜிசி 1333 ஐராஸ் 4பி. பெர்சியஸ் கூட்டத்துல, ஏறக்குறைய ஆயிரம் ஒளியாண்டு தூரம். 2007-ல ஸ்பிட்சர் தொலைநோக்கி அங்கே சூடான நீராவியோட கோடுகளை ஏராளமாப் பார்த்துச்சு. உறையிலேருந்து பொருள் விழுந்து, கோள்கள் உருவாகப் போற வட்டுல மோதுற இடம்னு நேச்சர் இதழ்ல கட்டுரை வந்துச்சு. பத்திரிகைகளும் கொண்டாடிச்சு.

அப்புறம் ஹெர்ஷல் அதே இடத்தைப் பார்த்தது. 2012-ல ஹெர்செக்கும் குழுவும் எழுதினாங்க: அந்த நீராவியும் மேல்படி கார்பன் மோனாக்சைடும் நட்சத்திரம் இருக்கிற புள்ளியில இல்லை, சுமார் 5 விகலை (ஒரு விகலைன்னா ஒரு டிகிரியில 3,600-ல ஒரு பங்கு) தள்ளி, நம்மை நோக்கி வர்ற வெளிப்பாய்வு மேல உக்காந்திருக்கு. வட்டுல விழுற மழைன்னு படிச்சது தாரை அடிச்ச அடி. நிறமாலை ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், தீர்ப்பை மாத்தினது இடம். பிள்ளைகளுக்கு இதை ஒரு துப்பறியும் கதையாவே சொல்லலாம்.

மின்வேதி · ஞாயிறு, இரவு 11.02

இப்போ ஜேம்ஸ் வெப் இருக்கே, அது முடிச்சு வைக்காதா?

ரஸ்தாக்காரன் · ஞாயிறு, இரவு 11.25

பாதி முடிக்கும். வெப் 28 மைக்ரோமீட்டர் பக்கத்தோட நின்னுடும், நாம பேசின 163 மைக்ரோமீட்டர் கோட்டை அதால பார்க்க முடியாது. ஆனா ஹைட்ரஜன் மூலக்கூறையே நேரடியாப் பார்க்குது, 17 மைக்ரோமீட்டர்லயும் அதுக்குக் கீழே வரிசையா வர்ற கோடுகள்லயும். இடப் பிரிப்பும் பிரமாதம். ஹெச்ஹெச் 211-ங்கிற கரு நட்சத்திரத் தாரையோட படம் 2023-ல வந்தது, வில் வில்லா அதிர்ச்சி அலை தெரியும், ஸ்லைடுல அதைப் போடுங்க சார். மனோஜ் குழுவும் சேர்ந்து நடத்துற ஒரு வெப் திட்டம் கரு நட்சத்திரத் தாரைகளைத்தான் குறி வைச்சிருக்கு.

தொலை அகச்சிவப்புல இப்போ வானத்துல பெரிய கண் இல்லை. விமானத்துல பறந்த சோஃபியாவும் 2022-ல நின்னுபோச்சு. பிரைமான்னு ஒரு விண்வெளித் தொலைநோக்கியை 2024-ல நாசா இறுதிச் சுற்றுக்கு எடுத்திருக்கு, இன்னொரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியோட போட்டி. ஜெயிச்சா 2032-ல ஏவுறதாத் திட்டம்.

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு, இரவு 11.31

நம்மாளுங்க பலூன்ல செஞ்சதையும் சொல்லுங்க தம்பி. ஹைதராபாத்திலேருந்து டாடா நிறுவனத்தார் ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பலூன்ல ஏத்தி, 158 மைக்ரோமீட்டர் கார்பன் அயனிக் கோட்டைப் படமெடுத்தாங்க. புற ஊதா பட்ட வாயுவோட முதல் அடையாளம் அந்தக் கோடுதான்.

கண்டனூரான் · திங்கள், காலை 7.48

சேர்த்தாச்சு ஆச்சி. ஹெச்ஹெச் 211 படம், 4பி கதை, பலூன். 300 கெல்வினைக் 'கிளர்வு வெப்பநிலை'ன்னு மாத்திட்டேன். தண்ணி உடையிறதுக்கு ஒரு ஸ்லைடு தனியாப் போட்டிருக்கேன், வினை ரெண்டையும் நீங்க ஒரு தடவை பார்த்துக் குடுக்கணும். பேச்சு ரெண்டு வகுப்பு நேரத்துக்கு நீளுது, தலைமையாசிரியர்கிட்ட யார் பேசறதுன்னுதான் தெரியலை.